தீர்ப்பும் மதிப்பீடும்

2019 ஜூலை 14 அன்று விம்பிள்டனில் நடந்த இறுதி ஆட்டத்தைப் பற்றி நண்பர் ஒருவர் இன்னும் கோபமாகவே பேசுகிறார். ஃபெடரர் எடுத்த பாயிண்டுகள் 218. ஜோகோவிச் எடுத்தது 204. கேம் கணக்கிலும் 36-க்கு 32. ஆனாலும் 7–6, 1–6, 7–6, 4–6, 13–12 என்று கோப்பை ஜோகோவிச்சுக்குப் போயிற்று. இது அநியாயம் இல்லையா என்பது நண்பரின் கேள்வி.

என் முதல் பதிலும் ஆமாம் என்பதுதான். வங்கியில் பேரேடு எழுதுகிறவன் நான். ஒரு பக்கத்தின் கூட்டுத்தொகை அடுத்த பக்கத்தின் தலையில் ஏற வேண்டும். ஒரு பைசா விடக்கூடாது. டென்னிஸில் அப்படி ஏறுவதில்லை. இரண்டாவது செட்டை ஃபெடரர் 6–1 என்று எடுத்தார். அந்த உபரி அந்தப் பக்கத்தோடு நின்றுபோயிற்று.

யோசித்தபோது இந்த ஆமாம் நிலைக்கவில்லை. எல்லா பாயிண்டுக்கும் ஒரே எடை என்று கூட்டுத்தொகை முன்கூட்டியே முடிவு செய்துகொள்கிறது. ஆடியவர்கள் அப்படி நினைத்து ஆடியிருக்க முடியாது. மூன்று டை-பிரேக்கர்களை மட்டும் தனியே கூட்டினால் ஜோகோவிச் 21, ஃபெடரர் 12. ஐந்தாவது செட்டில் 8–7, 40–15. ஸர்வ் ஃபெடரர் கையில். இன்னும் ஒரே ஒரு பாயிண்ட் போதும். முதல் வாய்ப்பில் அவருடைய ஃபோர்ஹேண்ட் கோட்டுக்கு வெளியே போயிற்று. இரண்டாவதில் அவர் வலையை நோக்கி வர, ஜோகோவிச் பந்தைக் குறுக்காக அவரைத் தாண்டி அனுப்பினார். கடைசி செட் 12–12 ஆனால் டை-பிரேக்கர் என்ற விதி விம்பிள்டனில் அந்த ஆண்டுதான் வந்தது. இருவருக்கும் ஒரே மாதிரி வந்தது. அநியாயம் என்ற சொல் இங்கே செல்லாது.

இதோடு நிறுத்திக்கொண்டால் இன்னொரு பொய்யில் போய் விழுவோம். நெருக்கடியில் நின்றவனே பெரியவன், மற்றதெல்லாம் அலங்காரம் என்று பேசுகிற வீர வழிபாடு ஒன்று நம்மிடம் உண்டு. 38 வயது நிறைய ஒரு மாதம்கூட இல்லாத ஒருவர் 4 மணி 57 நிமிஷம் ஆடிய ஆட்டம், 25 ஏஸ்கள் உட்பட, இரண்டு பந்துகளால் இல்லாமல் ஆகிவிடுமா? கோப்பை ஒன்றுதான் என்பதால் தீர்ப்பு ஒருவரைத் தேர்ந்தாக வேண்டும். மதிப்பீட்டுக்கு அந்த நிர்ப்பந்தம் கிடையாது.

நாம் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். பரிசு கிடைத்துவிட்டது என்பதால் ஒரு நாவலை உயர்த்துகிறோம். நமக்குப் பிடித்த நாவலுக்குக் கிடைக்காவிட்டால் சதி என்கிறோம். இரண்டிலும் இருப்பது ஒரே சோம்பல். படித்து, நம் பொறுப்பில் ஒரு வார்த்தை சொல்லவேண்டிய வேலையைப் பரிசுக் குழுவிடம் விட்டுவிடுகிறோம். நண்பரின் கோபமும் இந்த ரகம்தான். ஃபெடரரின் ஆட்டம் மேலானது என்று சொல்ல அவருக்குக் கோப்பையின் சம்மதம் வேண்டியிருக்கிறது.

எனக்கு வேண்டாம் என்று எழுதிவிடலாம். ஆனால் அது முழு உண்மை ஆகாது. அந்த ஆட்டத்தின் பதிவை மறுபடி பார்க்கும்போது 40–15 வந்ததும் நிமிர்ந்து உட்கார்கிறேன், இந்தத் தடவையாவது அந்த ஃபோர்ஹேண்ட் உள்ளே விழாதா என்று. அதுவரை மணிக்கணக்காகப் பார்த்து ரசித்தது எதுவும் அந்தக் கணத்தில் நினைவில் இல்லை. நண்பரைக் குறை சொல்கிற நானும் அப்போது கோப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.