கைவேலையும் காலக் கணக்கும்

பொழுதுபோக்கு என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகிறோம்; அதனுள் ஒரு குற்றச்சாட்டு மறைந்து கிடப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. களைப்பைப் போக்குகிறோம், பசியைப் போக்குகிறோம், அவற்றின் வரிசையில் பொழுதையும் போக்குகிறோம். இறைவன் அளந்து கொடுத்த வாழ்நாளை ஒரு பிணியைப் போல் கருதித் தொலைக்க முயல்கிறோம் என்று அச்சொல் நம்மைக் கேலி செய்கிறது. இதே பொருளில் இன்றைய அரபு மொழியில் வழங்கும் சொல் ‘ஹிவாயா’ என்பதாகும். விருப்பம், நேசம் என்னும் பொருள் தரும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. அதே வேரிலிருந்து பிறந்த ‘ஹவா’ என்னும் சொல்லைத் திருமறை மன இச்சை என்னும் பொருளில் பல இடங்களில் கண்டிக்கின்றது. ஆக, ஒரு மொழி இதனைக் காலத்தின் இழப்பாகக் காண்கிறது. மற்றொரு மொழி நேசமா, இச்சையா என்று நம்மையே கேட்க வைக்கிறது. ஊதியம் கருதாது, தேவையும் இன்றி, விருப்பம் ஒன்றினாலேயே செய்யப்படும் கைவேலைக்கு வாழ்வில் என்ன மதிப்பு? இதுவே ஈண்டு நாம் ஆராய விரும்புவது.

கேள்வி ஏட்டில் பிறந்ததன்று, தெருவில் பிறந்தது. சென்னைக்குத் தெற்கே, இன்று தாம்பரம் மாநகராட்சியில் அடங்கிய குரோம்பேட்டையிலும் அதனை அடுத்த புறநகர்களிலும், நண்பகலுக்கும் அஸருக்கும் இடைப்பட்ட நேரத்தில் பெண்மணிகள் பலர் இருவகைக் கைவேலைகளில் மனம் ஊன்றுகின்றனர். ஒன்று நூல் வேலை: குரோஷா ஊசியாலும் ஸ்வெட்டர் ஊசியாலும் பின்னுவது. மற்றொன்று கேக் அலங்காரம்: கூம்புப் பையில் வெண்ணெய்க் கிரீமை நிரப்பிப் பூவும் கொடியும் இடுவது. இவ்விருப்பம் சிறுபான்மையினருடையது என்று எண்ண வேண்டா. 2016ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் சென்னையில், ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ என்னும் குழுவினர் தாம் பின்னியவற்றை ஒன்றிணைத்து 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வையை உருவாக்கிக் கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றனர். இரண்டே முக்கால் ஏக்கர் நிலத்தை மூடும் போர்வை அது!

இவ்வேலையில் ஈடுபடும் பெண்ணிடம் இரண்டு கேள்விகள் கேட்கப்படுகின்றன. வீட்டுப் பெரியவர்கள், “இதனால் என்ன பயன்?” என்பர். உலகியல் அறிந்தோர், “இவ்வளவு அழகாயிருக்கிறதே, விற்றால் என்ன?” என்பர். முன்னது கண்டனம், பின்னது பாராட்டு என்று தோன்றும். உண்மையில் இரண்டும் ஒரே தராசின் இரு தட்டுகள். பணமாக மாறினால் அது வேலை, மாறாவிட்டால் வீண் என்பதே இரண்டின் அடிப்படையும். அத்தராசையே நாம் முதலில் சோதிக்க வேண்டும்.

நம் மார்க்க அறிஞர்கள் மனித நலன்களை மூவகையாகப் பகுத்தனர். இன்றியமையாதவை, தேவையானவை, அழகூட்டுபவை என்பன அவை. ளரூரிய்யாத், ஹாஜிய்யாத், தஹ்ஸீனிய்யாத் என அரபு மதரஸாக்களில் ஓதப்படுபவை இவையே. 14ஆம் நூற்றாண்டில் அந்தலூஸில் வாழ்ந்த இமாம் ஷாத்திபீ (ரஹ்) இப்பகுப்பை விரித்து விளக்கினார். மூன்றாம் வகையை அவர்கள் குப்பையில் எறியவில்லை என்பது கவனிக்கத் தக்கது. உறங்குவதற்குக் கோரைப் பாய் ஒன்று போதும். ஆயினும் திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் நம் லெப்பை மக்கள் கோரையை ஆற்று நீரில் ஊறவைத்து, இழை இழையாகக் கிழித்து, பட்டென மடியும் பாயை நெய்து, அதில் மணமக்கள் பெயரையும் பொறித்தனர். அது தேவையைக் கடந்த வேலைதான். அதனை வீண் என்று சொல்லும் துணிவு யாருக்கு உண்டு?

எனினும் மூன்றுக்கும் ஒரு வரிசை உண்டு. இன்றியமையாதது அழைக்கும்போது அழகு வழிவிட வேண்டும். குரோம்பேட்டையிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1949இல் அங்கு நிறுவப்பட்ட சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் விமானப் பொறியியல் பயில அப்துல் கலாம் அவர்களுக்கு இடம் கிடைத்தபோது, சேர்க்கைக் கட்டணத்துக்காக அவர் தமக்கையார் தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். கைக்கு அழகாயிருந்தது கல்விக்கு விலையாயிற்று. அழகுப் பொருளை ஆக்குவதும் அணிவதும் குற்றமன்று. கழற்ற வேண்டிய வேளையில் கழற்ற இயலாமற் போவதே குற்றம்.

“விளையாட்டு யாவும் ‘பாத்தில்’ என்று நபிமொழி இருக்கிறதே” என்று சிலர் வாதிடுவர். அம்பெய்தல், குதிரை பயிற்றுதல், மனைவியோடு மகிழ்ந்திருத்தல் ஆகியவற்றை மட்டும் விலக்காகக் கூறும் அந்த ஹதீஸை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் எடுத்தாண்டு, ‘பாத்தில்’ என்பது பயனின்மையைக் குறிக்குமேயன்றித் தடையைக் குறிக்காது என்று தெளிவுபடுத்துகிறார். மேலும், இடைவிடாத உழைப்பால் இதயம் சோர்ந்து குருடாகும், அதற்கு இளைப்பாறுதல் மருந்து, ஆயின் மருந்தை அளவோடு உண்ண வேண்டும் என்பதும் அவ்விமாமின் கருத்து. ஆகவே, கூடுமா கூடாதா என்னும் அளவில் நம் கேள்வி முடிந்துவிடுகிறது. எஞ்சி நிற்பது, இது நல்லதாக ஆவது எப்போது என்பதே.

இதற்கு விடை தேடி நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. ஆஷூரா நோன்பு பற்றி ருபய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அறிவித்த செய்தி புகாரியில் உள்ளது. மதீனத்துப் பெண்கள் தம் சிறாரையும் நோன்பு நோற்கப் பழக்கினர். பசியால் குழந்தை அழும்போது, கம்பளியால் செய்த விளையாட்டுப் பொருளைக் கையில் கொடுத்து, நோன்பு திறக்கும் நேரம் வரை தேற்றினர். இன்று குரோம்பேட்டையில் ஒரு தாய் கம்பளி நூலால் பொம்மை பின்னுகிறாள் என்றால், அவள் ஏதோ அந்நிய நாகரிகத்தைக் கைக்கொண்டுவிட்டாள் என்று முகம் சுளிப்பவர்கள் இந்தச் செய்தியை ஒருமுறை ஓதிப் பார்க்கட்டும்.

இதனினும் சிறந்த சான்று அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களுடையது. தம் துணைவியருள் நீண்ட கையுடையவரே தம்மை முதலில் வந்தடைவார் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருந்தார்கள். அன்னையர் தம் கைகளை அளந்து பார்த்தனர். பின்னர் முதலில் மறைந்தவர் ஜைனப் (ரலி), அவரோ குள்ளமானவர். நீண்ட கை என்றது ஈகையை என்று அப்போது புரிந்தது. அவர் கைத்திறன் மிக்கவர், தோலைப் பதனிடுவார், தைப்பார், கிடைத்ததை இறைவழியில் ஈந்துவிடுவார். உமர் (ரலி) ஆட்சியில் தமக்கு வழங்கப்பட்ட 12,000 திர்ஹம்களையும் வறியவர்க்குப் பங்கிட்டு முடித்தவர் அவர். எனவே வயிற்றுக்காக அவர் தோல் பதனிடவில்லை. பொழுது போகாமலும் பதனிடவில்லை.

குரோம்பேட்டை என்னும் பெயரே தோலிலிருந்து வந்தது என்பதை அவ்வூரார் பலரும் மறந்திருப்பர். ஆவாரம்பட்டை கொண்டு தோல் பதனிட்ட நாட்டில், குரோமிய உப்பால் பதனிடும் புது முறையோடு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த குரோம் லெதர் கம்பெனியே அவ்வூருக்குப் பெயர் தந்தது. அன்னை ஜைனப் (ரலி) அவர்களின் கைத்தொழிலைத் தன் பெயரில் தாங்கிய ஊரில் வாழ்வோர், கைவேலையை இழிவென்றோ வீணென்றோ கருதுவது பொருந்துமா?

இனி, வேலை முடிந்த பொருளை விடுத்து, வேலை செய்யும் மனத்தைப் பார்ப்போம். தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பை மிருதுவாக்கிக் கொடுத்த இறைவன், கவசம் செய்யும்போது வளையங்களை அளவறிந்து கோக்குமாறு பணித்ததை ‘ஸபா’ அத்தியாயம் கூறுகிறது. ஒரு நபியின் கைவேலையில், ஒரு வளையம் மறு வளையத்தோடு சேரும் நுட்பம் வரை இறைக்கட்டளை இறங்குகிறது! பின்னலும் அத்தகையதே. கண்ணிக்குள் கண்ணி நுழைய வேண்டும். எண்ணிக்கை ஒன்று தவறினால் ஓரம் கோணும். எச்செயலையும் செம்மையுறச் செய்வதை அல்லாஹ் விரும்புகிறான் என்பது நபிமொழி. கூலிக்கு உழைக்கும்போது செம்மையைக் கேட்பவர் முதலாளி. பள்ளியில் கேட்பவர் ஆசிரியர். கேட்பார் எவருமில்லாத இடத்தில், போர்வையின் உட்புற முடிச்சையும் திருத்தமாக இடுகிறாளே, அங்கேதான் ‘இஹ்ஸான்’ தன் சொந்தக் காலில் நிற்கிறது. ஒப்புமைக்காகச் சொல்கிறோம்: பிழைப்புக்கான உழைப்பு ஃபர்ளு என்றால், இது உழைப்பின் நஃபில். நஃபிலால் ஃபர்ளு ஒளி பெறும். ஃபர்ளை விட்டுவிட்டு நஃபிலைப் பற்றுவதோ அறியாமை.

உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துச் சிதைத்த பெண்ணைத் திருமறை உவமையாகக் காட்டி, அவளைப் போல் ஆகிவிடாதீர்கள் என்று எச்சரிக்கிறது. அது உடன்படிக்கையை முறிப்போருக்குச் சொன்ன உவமை. பின்னல் வேலை செய்வோரும் அடிக்கடி பிரிக்கின்றனர். ஆனால் பத்து வரிசைக்குக் கீழே பிழை கண்டு, மீண்டும் சரியாகப் பின்னுவதற்காகப் பிரிக்கின்றனர். முன்னது துரோகம், பின்னது தவ்பாவின் சாயல். ஒரே செயலை நிய்யத் எவ்வாறு இருவேறாக்குகிறது என்பதற்கு இதைவிட எளிய பாடம் உண்டோ?

கேக்கைப் பற்றி இவ்வாறே சொல்லிவிட முடியுமா என்று கேட்கலாம். நூல் நிலைக்கிறது, தலைமுறை கடந்தும் போர்த்துகிறது. கேக்கின் அழகோ கத்தி படும் கணத்தில் அழிகிறது. அழிவதனால் அது இழிந்ததன்று. விருந்தினர்க்கு இடும் உணவு யாவும் அழிவதே. தன் ஐந்து மணி நேர வேலையைப் பிறர் ஐந்து நிமிடத்தில் உண்டு முடிப்பதை முகமலர்ச்சியோடு பார்க்கக் கற்றவர், உடைமைப் பற்றைச் சிறிது வென்றவரே. ஆனால் இவ்வேலையில் இடர்கள் மிகுதி என்பதை மறுப்பதற்கில்லை. அழகுக்கென மேலே போர்த்தப்படும் ஃபாண்டன்ட் என்னும் சர்க்கரை உறை பல விருந்துகளில் உரித்து எறியப்படுகிறது. இது வெளிப்படையான இஸ்ராஃப். ஆயிஷா (ரலி) அம்மையார் உருவங்கள் பொறித்த திரையைத் தொங்கவிட்டபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனை வெறுத்தார்கள். அம்மையார் அத்துணியை வெட்டித் திண்டுகளாக்கினார்கள். உருவம் பற்றிய சட்டம் ஒருபுறமிருக்க, துணி வீணாகவில்லை என்பதும் நமக்கு அதில் பாடம். ஜெலட்டின் எவ்விலங்கின் தோலினின்றும் எலும்பினின்றும் எடுக்கப்பட்டது என்று கேட்டறிவதும் கடமை. சர்க்கரையின் அளவும் அறம் சார்ந்ததே. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கு மேல் என்று மதிப்பிட்டது. சேர்க்கும் சர்க்கரை நாள் ஒன்றுக்குச் சுமார் 50 கிராமைக் கடக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அன்பினால் செய்தது என்பதற்காக நோயாளியின் தட்டில் அதனை வற்புறுத்தி வைப்பது அன்பாகாது.

இனி, “விற்றால் என்ன?” என்னும் கேள்வி. விற்பது ஹலாலே; அன்னை கதீஜா (ரலி) அவர்களின் உம்மத்தினர் வணிகத்தை இகழ முடியாது. ஆயின் விருப்ப வேலை என்னும் பெயரே கூலியைத் திருடும் கருவியாவதும் உண்டு. ஆந்திரத்தின் நரசாப்பூரில் பெண்கள் குரோஷா லேஸ் பின்னி உலகச் சந்தைக்கு அனுப்பினர். மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய ஆய்வாளர் 1982இல் வெளியிட்ட நூலில், அப்பெண்கள் தொழிலாளராகவே எண்ணப்படவில்லை, இல்லத்தரசியர் ஓய்வு நேரத்தில் செய்வது என்று கூறியே அற்பக் கூலி கொடுக்கப்பட்டது என்று காட்டினார். நூல் பின்னும் இயந்திரங்கள் எத்தனையோ உண்டு. உண்மையான குரோஷாவோ இன்றும் கையால்தான் ஆகிறது. ஒரு குழந்தைப் போர்வைக்கு 30 மணி நேரம் என்றும், மணிக்கு 50 ரூபாய் என்றும் வைத்தால்கூடக் கூலி மட்டும் 1,500 ரூபாய் ஆகும். கடையில் அதனை 500 ரூபாய்க்கு வாங்குவோர், எஞ்சிய தொகையை யாருடைய கண்ணொளியிலிருந்து எடுத்துக்கொண்டோம் என்று எண்ண வேண்டாவா? பரிசாகக் கொடுத்தால் அது ஸதக்கா. விலைக்கு என்றால் முழுக் கூலி அவளது உரிமை. இடைப்பட்ட மூன்றாம் வழி ஒன்றை மார்க்கம் காட்டவில்லை.

நேசம் எது, இச்சை எது என்று பிரித்தறியக் கருவி உண்டா? நமக்குத் தோன்றுவன மூன்று சோதனைகள். முதலாவது, பாங்கொலி கேட்கையில், குழந்தை அழுகையில், அடுத்த வீட்டு நோயாளி அழைக்கையில் கைவேலையைக் கீழே வைக்க முடிகிறதா? இரு ஊசிப் பின்னலில் ஒரு வரிசைக் கண்ணிகள் யாவும் ஊசியில் காத்திருக்கும், குரோஷாவிலோ பெரும்பாலும் ஒரே கண்ணிதான் நிற்கும், எங்கும் நிறுத்தலாம். மனம் அவ்வூசியைப் போல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, படம் எடுக்கவும் புகழவும் எவருமில்லை எனினும் இதனைச் செய்வோமா? மூன்றாவது, முடிந்த பொருள் யாரைச் சென்று அடைகிறது? மேலே சொன்ன மாபெரும் போர்வையைப் போன்ற முயற்சிகளையும் அளவு கொண்டு நாம் மதிக்க வேண்டியதில்லை. பிரித்தெடுத்த ஒவ்வொரு துண்டும் எந்த முதியவரின் தோளில் விழுகிறது என்பதே அதன் எடை.

இச்சோதனைகள் பெண்டிருக்கு மட்டும் உரியவை அல்ல. மாலை முழுதும் தொலைக்காட்சி முன்னும் கைப்பேசி முன்னும் அமர்ந்துவிட்டு, மனைவியின் ஊசியைப் பார்த்து “வீண் வேலை” என்னும் ஆண்மகன் தன் பொழுதின் கணக்கை எங்கே கொடுப்பான்? உடல்நலமும் ஓய்வும் மனிதர் பலர் ஏமாந்துவிடும் இரு அருட்கொடைகள் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தது இருபாலாருக்குமே.

வாழ்நாள் நூலாக நம் கையில் தரப்பட்டிருக்கிறது. அதனைச் சிக்காக்காமலும், உறுதியுற்றபின் சிதைக்காமலும், பிறர் குளிருக்கு உதவுமாறு பின்னி முடிக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் நல்குவானாக. ஆமீன்.