கோப்பைக்கு வாரிசு, கறைக்கு யார்?

நூறு வயதைக் கடந்த ஒரு கால்பந்துக் கழகத்தில், அதைத் தொடங்கியவர்கள் யாரும் இன்று உயிரோடு இல்லை. ஆட்டக்காரர்கள் பல தலைமுறை மாறிவிட்டார்கள். மைதானம் மாறிவிட்டது, சட்டை மாறிவிட்டது. ஆனாலும் தாத்தா காலத்தில் வென்ற கோப்பையை இன்றைய ரசிகர் தன் கோப்பையாகவே எண்ணுகிறார். அதில் தவறில்லை. ஆனால் அதே தாத்தா காலத்தில் அந்தக் கழகம் செய்த அநியாயம் ஒன்று வெளியே வரும்போது, 'அது அந்தக் காலத்து ஆட்கள் செய்தது' என்று ஒதுங்கிக்கொள்ளலாமா? ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் கழகத்தின் வரலாறு இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாதபடி எழுப்புகிறது.

1900 பிப்ரவரி 27 அன்று, கலைஞர்களும் மாணவர்களும் நிறைந்த ஷ்வாபிங் பகுதியில், கிசேலா என்ற உணவகத்தில் பதினொரு பேர் கூடி இந்தக் கழகத்தைத் தொடங்கினார்கள். உடற்பயிற்சிச் சங்கம் ஒன்று கால்பந்தை ஒப்புக்குச் சேர்த்துக்கொண்டது பிடிக்காமல் அதிலிருந்து பிரிந்து வந்தவர்கள் அவர்கள். தொடக்கம் முதலே கழகத்தில் யூதர்கள் இருந்தார்கள். 1901இல் உறுப்பினராகச் சேர்ந்த குர்ட் லாண்டவர் அவர்களில் ஒருவர். பின்னாளில் தலைவராகி, முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகப் போர்முனையில் நின்று திரும்பி, 1920களில் கழகத்தைக் கட்டி எழுப்பினார். 1932 ஜூன் 12 அன்று நியூரம்பர்க்கில் நடந்த இறுதிப் போட்டியில் ஐன்ட்ராக்ட் ஃபிராங்க்பர்ட்டை 2-0 என வென்று, பேயர்ன் முதன்முறையாக ஜெர்மனியின் சாம்பியன் ஆனது. பயிற்சியாளர் ரிச்சர்ட் டோம்பியும் யூதர்தான். ஊர் திரும்பிய அணியைக் குதிரை வண்டிகளில் ஏற்றி, மியூனிக் நகரமே தெருவில் திரண்டு வரவேற்றது.

ஒன்பது மாதம்தான் கடந்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின், 1933 மார்ச் 22 அன்று லாண்டவர் பதவி விலகினார். மியூனிக் நகருக்கு அருகே டாகாவ் வதைமுகாம் திறக்கப்பட்டதும் அதே நாளில்தான். அடுத்து ஏப்ரல் 9 அன்று தென் ஜெர்மனியின் 14 முன்னணிக் கழகங்கள் ஸ்டுட்கார்ட்டில் கூடி அறிக்கை வெளியிட்டன. புதிய அரசுக்கு எல்லா வகையிலும் ஒத்துழைப்போம், குறிப்பாக விளையாட்டுக் கழகங்களிலிருந்து யூதர்களை அகற்றுவதில் துணைநிற்போம் என்பது அதன் சாரம். பேயர்னும் அதில் கையொப்பமிட்டது. லாண்டவர் எழுந்துபோன நாற்காலியின் சூடு ஆறுவதற்குள் நடந்தது இது.

'சர்வாதிகாரத்தின் கீழ் அவர்களால் வேறென்ன செய்திருக்க முடியும்?' என்பது வழக்கமாக எழும் முதல் வாதம். அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. பாதுகாப்பான காலத்தில் உட்கார்ந்துகொண்டு, பயத்தில் வாழ்ந்தவர்களை எடைபோடுவது மிகச் சுலபம். ஆனால் தேதிகளைப் பார்த்தால் அந்த வாதம் பலமிழக்கிறது. ஏப்ரல் 7 அன்று வந்த சட்டம் யூதர்களை அரசுப் பணியிலிருந்து நீக்குவது பற்றியது. விளையாட்டுக் கழகங்கள் யூதர்களை வெளியேற்ற வேண்டும் என்று அன்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கேட்பதற்கு முன்பே கொடுத்தார்கள். கட்டாயத்துக்குப் பணிவதற்கும், கட்டாயம் வருமுன் முந்திக்கொண்டு பணிவதற்கும் அறத்தின் கண்ணில் பெரிய வேறுபாடு உண்டு. முந்திப் பணிகிறவர்கள், கொடுமை செய்யத் துணிந்தவர்களுக்கு அது எவ்வளவு எளிது என்று காட்டிக்கொடுக்கிறார்கள்.

அந்த அறிக்கை ஒரு மனிதரின் வீட்டில் எப்படிப் போய் விழுந்தது என்று பார்க்கலாம். கையொப்பமிட்ட கழகங்களில் ஒன்று கார்ல்ஸ்ரூஹே. 1910இல் அதற்கு ஜெர்மன் சாம்பியன் பட்டம் வாங்கித் தந்த அணியில் ஆடியவர், தேசிய அணிக்கும் ஆடியவர், யூலியஸ் ஹிர்ஷ். முப்பது ஆண்டுகளாக அந்தக் கழகத்தின் உறுப்பினர். போர்முனையில் அண்ணனைப் பறிகொடுத்தவர், தானும் போரிட்டவர். மறுநாள் பத்திரிகையில் செய்தியைப் படித்தார். கழகம் தன்னை நீக்கும்வரை காத்திருக்கவில்லை. கனத்த மனத்தோடு தானே விலகல் கடிதம் எழுதினார். நாட்டை நேசிக்கும், அதற்காக ரத்தம் சிந்திய யூதர்களும் இருக்கிறார்கள் என்பதை மட்டும் அதில் நினைவூட்டினார். பத்து ஆண்டு கழித்து 1943இல் அவர் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். திரும்பவில்லை. அறிக்கையில் கையொப்பமிட்டவர்கள் ஆஷ்விட்ஸை மனத்தில் கண்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஹிர்ஷைப் போன்றவர்களின் முகத்தை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

இரண்டாவது வாதம் இன்னும் வலுவானது: குற்றம் வழிவழியாக வருவதில்லை, செய்தவர் செத்தால் குற்றமும் அவரோடு போய்விடுகிறது. இது சரிதான். இன்று மைதானத்தில் கொடி பிடிக்கும் இளைஞருக்கு 1933இல் பங்கில்லை. ஆனால் குற்றம் வேறு, பொறுப்பு வேறு. அப்பா விட்டுப்போன வீட்டை எடுத்துக்கொள்ளும் மகன், அதன் மேல் உள்ள கடனை மட்டும் 'நான் வாங்கவில்லை' என்று தள்ளிவிட முடியாது. வீடு வேண்டாம் என்றால் கடனும் வேண்டாம், அது நியாயம். 1932 பட்டத்தைத் தன் பட்டங்களின் கணக்கில் முதலாவதாக எழுதும் கழகம் வீட்டை எடுத்துக்கொண்டுவிட்டது.

போருக்குப் பிறகு நடந்தது இதை மேலும் சிக்கலாக்குகிறது. லாண்டவர் 1938 நவம்பரில் கைதாகி டாகாவில் ஒரு மாதத்துக்கு மேல் அடைபட்டார். முன்னாள் போர்வீரர் என்பதால் வெளியே வந்து, 1939இல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பினார். அவருடைய உடன்பிறந்தவர்களில் நால்வர் நாஜிகளின் கையில் மாண்டார்கள். அப்படியிருந்தும் 1947இல் அவர் அதே மியூனிக்குக்குத் திரும்பினார். அதே கழகத்தின் தலைவராக மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1951 வரை இடிபாடுகளுக்கு நடுவே அதை நிமிர்த்தினார். பாதிக்கப்பட்டவரே திரும்பி வந்துவிட்டார் என்றால் கணக்கு தீர்ந்துவிட்டதா? இல்லை. லாண்டவர் மன்னித்திருந்தாலும், தன் சார்பில் மட்டுமே மன்னிக்க முடியும். அவரோடு வெளியேற்றப்பட்ட மற்ற உறுப்பினர்களுக்காகவோ இறந்துபோனவர்களுக்காகவோ மன்னிக்கும் உரிமை அவருக்கும் இல்லை. அவருடைய பெருந்தன்மை அவருடைய சொத்து. கழகம் அதைத் தன் நற்சான்றிதழாகக் காட்டிக்கொள்ள முடியாது.

1961இல் லாண்டவர் இறந்தார். அதன்பின் பல பத்தாண்டுகள் கழகம் அவரைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஐரோப்பியக் கோப்பைகள் குவிந்த காலத்தில், பழைய தலைவர் ஒருவரின் கதை யாருக்கும் தேவைப்படவில்லை. அவரை மீட்டு வந்தவர்களில் முன்நின்றவர்கள் 'ஷிக்கேரியா' என்ற தீவிர ரசிகர் குழுவினர். அவர் பெயரில் போட்டி நடத்தினார்கள், மைதானத்தில் ஒரு பக்கம் முழுக்க அவர் உருவத்தை விரித்துக் காட்டினார்கள். அதற்காக 2014இல் ஜெர்மன் கால்பந்துச் சங்கத்தின் விருது அவர்களுக்குக் கிடைத்தது. யூலியஸ் ஹிர்ஷின் பெயரால் வழங்கப்படும் விருது அது. கழகமும் 2013இல் லாண்டவருக்கு இறப்புக்குப் பிந்திய கௌரவத் தலைவர் பதவி அளித்தது. 2019இல் சாபெனர் வீதிப் பயிற்சித் திடலில் சிலையும் நிறுவப்பட்டது.

இங்கேதான் ஒரு நுட்பமான ஆபத்து இருக்கிறது. பாதிக்கப்பட்டவருக்குச் சிலை வைக்கும்போது, வைக்கிறவரும் பாதிக்கப்பட்டவர் வரிசையில் போய் நின்றுகொள்வது எளிது. 'எங்கள் தலைவர் யூதர், எங்களையும் நாஜிகள் ஒடுக்கினார்கள்' என்ற கதை கேட்க இதமாக இருக்கிறது. அதில் உண்மையும் இல்லாமல் இல்லை. ஆனால் 1935இல் யூதர்களை விலக்கும் விதியைக் கழகம் தன் சட்டதிட்டத்திலேயே எழுதிக்கொண்டது என்பது 2016இல் பரவலாகத் தெரியவந்தபோது, அந்தக் கதையில் விரிசல் விழுந்தது. கழகம் ஆவணங்களை மூடிவைக்காமல், சமகால வரலாற்றை ஆராயும் மியூனிக் நிறுவனம் ஒன்றிடம் ஆய்வை ஒப்படைத்தது பாராட்டுக்குரியது. 2022இல் நூலாக வந்த அந்த ஆய்வின்படி, பேயர்ன் வீரத்தோடு எதிர்த்து நின்ற கழகமும் அல்ல, கொடுமையில் தனித்து முன்நின்ற கழகமும் அல்ல. மற்றவர்களைப் போலவே இணங்கிப் போயிருந்தது. இப்படி ஒரு சாதாரணத் தீர்ப்பை ஏற்றுக்கொள்வதுதான் கடினம். நாயகன் என்றாலும் வில்லன் என்றாலும் கதை கிடைக்கும். இணங்கிப் போனவனுக்குக் கதை கிடையாது.

இணங்கிப் போன கூட்டத்துக்குள் சிறு நேர்மைகளும் இருந்தன. 1936 ஒலிம்பிக்கில் ஆடிய பேயர்ன் வீரர் வில்லி சிமெட்ஸ்ரைட்டர், கறுப்பின ஓட்டவீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். இத்தகைய செயல்களை நினைவில் வைக்க வேண்டும். ஆனால் அவை செய்தவரின் கணக்கில்தான் வரவு வைக்கப்பட வேண்டும். ஒருவர் எடுத்துக்கொண்ட படத்தைக் காட்டி, கழகத்தின் கையொப்பத்தை மறைக்கக் கூடாது.

அப்படியானால் உண்மையான நினைவுகூரலை எப்படி அடையாளம் காண்பது? அதற்கு ஏதாவது விலை கொடுக்க வேண்டியிருந்ததா என்று பார்த்தால் போதும். ஃபிராங்க்பர்ட் கழகம் 2020இல், தன் நீண்டகாலத் தலைவர் ருடோல்ஃப் கிராம்லிஷுக்குக் கொடுத்திருந்த கௌரவத் தலைவர் பட்டத்தை, அவர் நாஜிகளின் எஸ்.எஸ். படையில் இருந்தவர் என்பதால், இறந்தபின் திரும்பப் பெற்றது. நியூரம்பர்க் கழகம், 1933 ஏப்ரலில் தான் வெளியேற்றிய யூத உறுப்பினர்களுக்கு 2013இல் உறுப்பினர் உரிமையை அடையாளமாகத் திருப்பி அளித்தது. சொந்தப் பெருமையில் கைவைக்கும் இத்தகைய முடிவுகள் சிலையை விட மலிவானவை, சிலையை விடக் கடினமானவை.

இன்னொரு விலையும் உண்டு. அது நிகழ்காலத்தில் கொடுக்க வேண்டியது. 2021 நவம்பரில் நடந்த பேயர்ன் பொதுக்கூட்டத்தில், கத்தார் ஏர்வேஸுடனான விளம்பர ஒப்பந்தத்தை மனித உரிமைக் காரணங்களுக்காகக் கைவிட வேண்டும் என்ற தீர்மானம் வாக்கெடுப்புக்கே விடப்படாமல் போனது. கூட்டம் கூச்சலில் முடிந்தது. 2023இல் ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. அதையும் 1933ஐயும் ஒரே தட்டில் வைப்பது அபத்தம். எந்த ஒப்பந்தமும் ஆஷ்விட்ஸ் ஆகாது. ஆனால் நிர்வாகத்துக்கு வசதியில்லாத கேள்வியை எழுப்பும் உறுப்பினருக்குப் பேச இடம் உண்டா என்ற கேள்வி இரண்டுக்கும் பொது. 1933இல் அந்த 14 கழகங்களுக்குள் யாராவது ஒருவர் எழுந்து, 'இதை ஏன் நாம் முந்திச் செய்ய வேண்டும்?' என்று கேட்டிருந்தால் வரலாறு மாறியிருக்குமா என்று சொல்ல முடியாது. ஆனால் அப்படிக் கேட்கிறவரை உட்காரச் சொல்லாத கழகம்தான் லாண்டவருக்குப் பட்ட கடனை அடைக்கத் தொடங்கிய கழகம்.