தக்காளிச் செடியும் கொல்லா நோன்பும்

கொல்லாமை அறங்களுள் தலையாயது என்பது சைவ நன்மக்கள் அனைவர்க்கும் ஒப்பமுடிந்ததே. புலாலை நீக்கி, இல்லின் புறக்கடையில் தக்காளி வைத்துண்பான் ஒருவன், அச்செடியைப் புழு அரிக்கக் காணுங்கால் யாது செய்யக் கடவன் என்பது ஈண்டு ஆராயப்படும்.

கொலைக்கு அஞ்சி வாளாவிருத்தலே அறமெனின், அற்றன்று. அங்ஙனம் இருப்பான் பின்னர்க் கடைத்தெருவிற் காய் வாங்குவன். அக்காயின்பொருட்டு வேறொருவன் நஞ்சு தெளித்திருத்தல் கூடும். விலைகொடுத்து உண்பார்மேலும் கொலைப்பழி சாரும் என்பது திருக்குறட் புலான்மறுத்தல் அதிகாரத்தின் கருத்து. ஆதலின், தன் கையிற் கறைபடாமை ஒன்றே வினை நீக்கம் ஆகாது.

அற்றேல், கண்டவுடன் கொல்லுதல் தக்கதோவெனின், அதுவும் தகாது. கொல்லாது காக்கும் வழி உளதாகலின். காய்ப்புழு என்பது இரவில் வந்து செடியில் முட்டையிடும் அந்துப்பூச்சியின் இளமைப் பருவம். நுண்கண் வலையாற் செடியை மூடின் முட்டையிட இடமின்றாம். தக்காளி தன்மகரந்தத்தாற் காய்ப்பதாகலின், வலையுள்ளும் பூங்கொத்தைச் சிறிது அசைத்தல் அமையும். வாராமற் காத்தலிற் கொலையில்லை. இதுவே முதற்கண் கொள்ளத்தக்கது.

வேப்பங்கொட்டைப் பருப்புப் பொடி 50 கிராமினை 1 லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடித்துத் தெளிப்பர். அது புழுவை உண்ணவொட்டாது விலக்கும். வேம்பு கொல்லாது எனக் கருதுவாரும் உளர், அது மயக்கம். தோலுரித்து வளர்தலைத் தடுத்து மாய்த்தலும் அதற்கு இயல்பு.

1901-ஆம் ஆண்டு ஜப்பான் நாட்டில் பட்டுப்புழு நோயிற் கண்டறியப்பட்ட பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் நுண்ணுயிரை மாலையில் தெளிப்பாரும் உளர். அதனை உண்ட புழு சில நாளில் மடியும். புழுவல்லாத பிறவுயிர்க்கு அதனாற் கேடு மிகக் குறைவு. பல பூச்சிநஞ்சினும் அது மேற்படுதல் இதுபற்றியே. ஆயினும், "நுண்ணுயிர் கொன்றது, யான் கொன்றிலேன்" என்றல் ஏவினோனுக்குப் பொருந்தாது. புழுவைப் பொறுக்கி அயலான் கொல்லையில் எறிதலும் அறமன்று. அது கேட்டினை இடம்மாற்றுதலேயாம்.

ஆகவே, தடுத்தல் முதலது, விலக்கல் இரண்டாவது, இவ்விரண்டும் பயன்படாவழிச் சிறிதளவே காய்கொண்டு, எஞ்சியதைப் புழுவிற்கு விட்டமைதல் மூன்றாவது. அங்ஙனம் அமையமாட்டாது குடும்பத்தின் உணவின்பொருட்டுக் கொல்ல நேரின், அதனைக் கொலையென்றே உணர்ந்து இரங்குக. இறைவன்பால் வினையை ஒப்புவித்தல் அவ்விரக்கம் உடையானுக்கே கூடும். கொன்றதை மறைத்தற்கு அவன் திருப்பெயரைக் கருவியாகக் கொள்வானுக்குக் கூடாது. செடி காக்கும் முயற்சியில் நெஞ்சின் ஈரம் உலராமற் காத்தலே கொல்லா நோன்பின் பயன் என்க.