தொட்டிக்குத் திரும்பிய மண்

சென்னை எழும்பூர் ஓவியக் கல்லூரியில் மாணவனாக இருந்த நாட்களை நினைக்கும்போதெல்லாம், நான் வரைந்த சித்திரங்களுக்கு முன்னால், சிற்பப் பிரிவின் ஓரத்தில் ஈரச்சாக்கு மூடிக் கிடந்த களிமண் தொட்டியே என் மனக்கண்ணில் வந்து நிற்கிறது. எங்கள் கைகளில் உருவானவற்றுள் பெரும்பாலானவை பரீட்சை முடிந்த மறுநாளே சிதைந்து அத்தொட்டிக்கே திரும்பின. எஞ்சப் போகாத ஒன்றிற்காக ஒருவன் தன் யௌவனத்தைச் செலவிடுவது தகுமா என்ற கேள்வி அன்று என்னை வெகுவாக வாட்டியது.

1850ஆம் ஆண்டில் அக்கலாசாலையைத் தோற்றுவித்த அலெக்சாண்டர் ஹண்டர் ஒரு வைத்தியர். அது எனக்கு எப்போதும் பொருத்தமாகவே தோன்றியிருக்கிறது. ஏனெனில் தலையுருவம் செய்ய முனைகிறவன் முதலில் கற்பது தோலை அன்று, எலும்பை. கம்பியும் மரத்துண்டும் பிணைத்துச் சட்டம் கட்டி, அதன்மேல் மண்டையோட்டின் திரட்சியை ஏற்றி, புருவத்திற்கும் மூக்கின் அடிக்கும் இடைப்பட்ட மட்டத்தில் காதை வைத்து, காதின் கீழே தாடை திரும்பும் கோணத்தைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேடிய பிறகுதான், எதிரே அமர்ந்திருப்பவரின் சாயல் மெல்ல எட்டிப் பார்க்கும்.

எனக்கு அமர்ந்தவர் ஒரு கிழவர். கன்னம் ஒட்டி, பற்கள் உதிர்ந்தவர். மூன்று வாரம் அம்முகத்தோடு போராடினேன். பொங்கலுக்கு ஊருக்குப் புறப்பட்ட அவசரத்தில் ஈரத்துணியைச் சரியாகச் சுற்றாமல் போனேன்; திரும்பி வந்தபோது மண் உலர்ந்து, நெற்றியிலிருந்து மோவாய்வரை பிளந்து நின்றது. கண் கலங்க நின்ற என்னிடம் ஆசிரியர், “கொத்தித் தொட்டியில் போட்டு நனைத்துவிடு, தம்பி. அடுத்த வருஷப் பிள்ளைகளுக்கு மண் வேண்டும்” என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் அன்று எனக்குக் கொடுமையாகப்பட்டது.

ஆனால் பிழைத்த உருவங்களின் கதையும் வேறன்று. களிமண் உருவத்தின்மேல் பிளாஸ்டர் அச்சு எடுக்கும்போது உள்ளிருக்கும் மண்ணைத் தோண்டி எறிந்துவிடுகிறோம். அச்சினுள் பிளாஸ்டரை வார்த்து, அது இறுகிய பின், அந்த அச்சையும் உளியால் உடைக்கிறோம். உளி உருவத்தை நெருங்கிவிட்டதென்று எச்சரிப்பதற்காகவே அச்சின் முதற்பூச்சில் சிறிது நீலம் கலந்து வைப்பது வழக்கம். அக்கல்லூரியின் தலைமையை நெடுங்காலம் வகித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை 1959 முதல் மெரினாவில் நிற்கிறது. பாறையைப் பெயர்க்கும் அந்நால்வரின் முறுக்கிய தசைகளைக் காணும்போதெல்லாம், கலைஞனின் விரல் நேரே தொட்ட மண் அந்த வெண்கலத்தில் இல்லையே என்ற எண்ணம் எனக்கு எழாமல் இருந்ததில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின் என் தந்தையார் நோய்ப்படுக்கையில் இருந்தபோது, நாவிதர் வராத ஒரு காலையில், அவருக்குச் சவரம் செய்ய நானே கத்தியை எடுத்தேன். ஒட்டிப்போன கன்னத்தை இடக்கைப் பெருவிரலால் மேலே இழுத்துப் பிடித்தபோது, தாடை திரும்பும் அந்தக் கோணம் என் விரலுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. எங்கே பள்ளம், எங்கே எலும்பு என்று கண் பார்ப்பதற்கு முன்பே கை அறிந்து சென்றது. ஓரிடத்திலும் கீறல் படவில்லை. அப்பா கண்களை மூடிக்கொண்டு முகத்தை முழுவதுமாக என் கையில் சாய்த்திருந்தார்.