பறந்துபோன பறவையின் கணக்கு

வேட்டைத் தோட்டாவைப் பற்றி ஒரு புலம்பெயர் சஞ்சிகையில் எழுதுவது சிலருக்கு விநோதமாகப் படலாம். துவக்கு, தோட்டா, சன்னம் என்ற சொற்கள் எம்மிடம் வேட்டைக்காட்டிலிருந்து வந்தவை அல்ல. வன்னியில் பயிர்காவலுக்கென வைத்திருந்த வேட்டைத் துவக்கு எமது மூத்தவர்களின் நினைவில் இருக்கலாம். அதற்குப் பின் வந்தவர்களுக்கு அச்சொற்கள் வேறு பொருளையே தருகின்றன. எனினும் நாம் வாழ வந்த நோர்வேயில், குறிப்பாக எம்மவர்கள் மீன் தொழிற்சாலைகளைத் தேடிச் சென்று குடியேறிய வடமாகாணங்களில், வேட்டை என்பது சமூக வாழ்வின் ஒரு பகுதி. செப்ரெம்பர் 10 ஆம் திகதி மலைப்பறவை வேட்டை தொடங்கும்போது வேலைத்தளங்களில் விடுமுறை கேட்பவர்கள் அதிகம். இங்கு பிறந்து வளர்ந்த எமது பிள்ளைகளை அவர்களது நண்பர்கள் மலைக்கு அழைப்பதும் இயல்பே. அந்தப் பிள்ளை வேட்டைப் பரீட்சையில் தேறிக் கடைக்குச் சென்று, 'எந்தத் தோட்டா நல்லது?' என்று கேட்கும் நிமிடத்தில் ஒரு அறக்கேள்வியும் கேட்கப்பட்டுவிடுகிறது. அதைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம்.

முதலில் பொருளைப் பார்ப்போம். மலையில் தேடப்படுவது பெரும்பாலும் 'றீப்பே' எனப்படும் பறவை. எமது கௌதாரிக்குத் தூரத்து உறவு. கோடையில் மண்ணிறமும் பனிக்காலத்தில் வெண்மையும் கொள்ளும், கால்விரல் வரை இறகு மூடியது. நாய் மோப்பம் பிடித்து உறைந்து நிற்க, புதருக்குள்ளிருந்து படபடவென்று எழும். சுடுபவருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று வினாடிகள். இதற்கு ஒற்றைக் குண்டு உதவாது. நூற்றுக்கணக்கான சிறு சன்னங்களை ஒரு மேகமாக அனுப்பும் வேட்டைத் துவக்கே வேண்டும். பொதுவாகப் பாவிக்கப்படுவது '12 போர்'. குழலின் துளைக்கு அளவான ஈயக்குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஓர் இறாத்தல் நிறை என்பதே அந்த எண்ணின் பொருள். அங்கிலம் தந்த இந்தப் 'போர்' தமிழில் வேறொன்றாக ஒலிப்பது தற்செயல்தான்.

தோட்டாவின் பெட்டியில் மூன்று விடயங்கள் எழுதப்பட்டிருக்கும்: சன்னத்தின் உலோகம், அதன் இலக்கம், மொத்த நிறை. இலக்கம் கூடக்கூடச் சன்னம் சிறிதாகும். அமெரிக்க அளவில் 6 ஆம் இலக்கம் ஏறத்தாழ 2.8 மில்லிமீற்றர், 4 ஆம் இலக்கம் 3.3 மில்லிமீற்றர். 28 கிராம் நிறையில் 6 ஆம் இலக்க ஈயச் சன்னங்கள் சுமார் 225 இருக்கும். ஈயத்தின் அடர்த்தி 11.3, உருக்கினது 7.8. ஆகவே ஒரே பருமனுள்ள உருக்குச் சன்னம் ஈயச் சன்னத்தின் நிறையில் பத்தில் ஏழு பங்கே. அது வேகத்தை விரைவில் இழக்கும். இதனால் ஈயத்தில் 6 பாவித்தவர்கள் உருக்கில் 5 அல்லது 4 எடுக்க வேண்டும். 4 ஆம் இலக்க உருக்கில் அதே 28 கிராமுக்கு 190 அளவிலேயே சன்னங்கள் வரும். ஈயத்துக்கும் உருக்குக்கும் இடையில் அடர்த்தி கொண்ட பிஸ்மத்தும், ஈயத்தையும் விஞ்சும் தங்ஸ்தனும் உண்டு. அவற்றின் விலை பல மடங்கு.

இதுவரை இது ஒரு தொழில்நுட்பக் கணக்கு. அறம் எங்கே வருகிறது?

வேட்டைக்காரர்களின் அறம் ஒரு விதியில் அடங்கியிருக்கிறது: கொல்வதானால் உடனே கொல், காயப்படுத்தாதே. நோர்வேயின் 1981 ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டமும் விலங்குகள் தேவையற்ற துன்பத்துக்கு ஆளாகாதவாறு வேட்டை நடைபெற வேண்டுமென்கிறது. இதைப் போர்ச்சட்டத்தின் அருகில் வைத்துப் பார்க்கும்போது நாம் திடுக்கிட நேர்கிறது. 1868 இல் சென்ற் பீற்றர்ஸ்பேர்க்கில் செய்யப்பட்ட பிரகடனம், எதிரியின் ஆட்களைச் செயலிழக்கச் செய்வதே போதுமானது, மரணத்தைத் தவிர்க்க முடியாததாக்கும் ஆயுதம் மனிதநேயத்துக்கு முரணானது என்றது. 1899 இல் ஹேக் நகரில், உடலுக்குள் விரியும் குண்டுகள் போரில் விலக்கப்பட்டன. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் என்ற ஊரின் ஆயுதசாலையே அக்குண்டுக்குப் பெயர் கொடுத்தது. அதே வகைக் குண்டைத்தான் இன்று நோர்வேயில் எல்க் மான் வேட்டைக்குக் கட்டாயமாகப் பாவிக்க வேண்டும், விரைவாகக் கொல்லும் என்பதற்காக! மனிதனிடத்தில் காயப்படுத்துவது கருணை, விலங்கிடத்தில் கொல்வது கருணை. மனிதனுக்கு வைத்தியசாலை உண்டு, பறவைக்கு இல்லை என்பதே இந்த முரணுக்கான விளக்கம். வைத்தியசாலைகளுக்கு நேர்ந்ததைக் கண்டவர்கள் நாம் என்பதால் அந்த விளக்கத்தை இலகுவாக விழுங்க எம்மால் முடிவதில்லை. ஆயினும் பறவையைப் பொறுத்தவரை விதி சரியானதே.

சிக்கல் என்னவென்றால், வேட்டைத் துவக்கு என்ற கருவியே இந்த விதிக்கு முழுமையாகக் கட்டுப்படாதது. சன்னமேகம் விரிந்துகொண்டே போகும். இருபது இருபத்தைந்து மீற்றரில் அடர்த்தியாக இருப்பது நாற்பது மீற்றரில் ஓட்டைகள் நிறைந்ததாகிவிடும். அந்தத் தூரத்தில் பறவைக்கு ஒன்றோ இரண்டோ சன்னம் படும். அது விழாது, தொடர்ந்து பறக்கும். மேட்டைத் தாண்டி மறைந்தபின் எங்கோ விழுந்து கிடக்கும், அல்லது சன்னத்தைச் சுமந்துகொண்டு உயிர்வாழும். சுட்டவர் 'வெடி தப்பிவிட்டது' என்பார். தமிழில் வெடி தப்புவதற்கும் பறவை தப்புவதற்கும் ஒரே சொல்தான். இந்த ஒற்றைச் சொல்லுக்குள் இரண்டு வேறு உண்மைகள் ஒளிந்துகொள்கின்றன. விழுந்த பறவை பையில் இருக்கிறது, எண்ணலாம். பறந்துபோனதை யார் எண்ணுவது?

ஒருமுறை எண்ணினார்கள். சுவால்பார்ட் தீவுகளில் குஞ்சு பொரித்து டென்மார்க் வழியாகத் தெற்கே செல்லும் ஒரு காட்டு வாத்தினத்தை 1990களின் தொடக்கத்தில் உயிருடன் பிடித்து எக்ஸ்ரே எடுத்தார்கள். வளர்ந்த பறவைகளில் மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றின் உடலில் சன்னங்கள் இருந்தன. பார்வைக்கு எல்லாமே ஆரோக்கியமான பறவைகள். ஐரோப்பிய வைத்தியசாலைகளில் எம்மவர்கள் சிலரின் எக்ஸ்ரே படத்தைப் பார்த்து வைத்தியர்கள் கேள்வி கேட்ட அனுபவத்தை அறிந்த எமக்கு இந்தப் படங்களை விளக்க வேண்டியதில்லை. டென்மார்க்கின் வேட்டைக்காரர்களை இந்தப் படங்கள் உலுக்கின. 1997 இல் அவர்களும் அரசும் சேர்ந்து ஒரு செயல்திட்டத்தைத் தொடங்கினார்கள். அதன் சாரம்: கிட்ட வரும்வரை சுடாதே. பின்னைய ஆய்வுகளில் சன்னம் சுமந்த பறவைகளின் விகிதம் குறைந்திருந்தது.

இனி ஈயத்தின் கதை. ஈயம் மென்மையானது, கனமானது, மலிவானது. பழைய குழல்களுக்குக் கேடு செய்யாது. கருவியின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதற்கு நிகரில்லை. ஆனால் சுட்ட ஒவ்வொரு தோட்டாவிலும் பெரும்பங்கு சன்னங்கள் எதையும் தொடாமல் நிலத்தில் விழுகின்றன. பல்லில்லாத பறவைகள் இரையை அரைக்கச் சிறுகற்களை விழுங்கும். கல்லென்று எண்ணிச் சன்னத்தை விழுங்கும் பறவை மெல்ல மெல்ல நஞ்சூறிச் சாகும். காயம்பட்டு விழுந்ததைத் தின்னும் கழுகுக்கும் அதே கதி. கலிபோர்னியாவில் கொண்டோர் கழுகின் உயிர்காக்கத் தொடங்கிய கட்டுப்பாடு 2019 இல் வேட்டைக்கான எல்லா ஈயத்துக்கும் எதிரான தடையாக முடிந்தது. மனிதருக்கும் இதில் பங்குண்டு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2010 இல், குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பொறுத்தவரை ஈயத்துக்குப் பாதுகாப்பான கீழெல்லை என ஒன்றைக் காட்ட முடியாது என்றது. கிறீன்லாந்தில் கடற்பறவைகளை உண்டு வாழும் மக்களின் இரத்தத்தில் காணப்பட்ட ஈயத்துக்கு முக்கிய மூலம் அப்பறவைகளைச் சுட்ட சன்னமே என்று ஆய்வாளர்கள் கண்டார்கள்.

டென்மார்க் 1996 இல் ஈயச் சன்னத்தை முற்றாகத் தடைசெய்தது. நோர்வேயும் 2005 இல் அவ்வாறே செய்தது. ஆனால் 2015 இல் நோர்வேப் பாராளுமன்றம், ஈரநிலங்களுக்கும் சுடுதளங்களுக்கும் வெளியே ஈயத்தை மீண்டும் அனுமதித்தது. வேட்டைக்காரர்கள் முன்வைத்த வாதம் அறத்தின் மொழியிலேயே இருந்தது: உருக்கு இலகுவானது, ஆகவே அதிகம் காயப்படுத்தும். ஈயமே கருணையானது. இவ்வாதத்தை அலட்சியப்படுத்துவது தவறு. பறவையின் வலியை ஒரு பக்கமும் மண்ணின் நஞ்சை மறுபக்கமும் வைத்துத் தராசு பிடிக்கச் சொல்கிறது அது.

ஆனால் தராசில் வைத்தது உண்மையான நிறைதானா? அமெரிக்காவின் ரெக்ஸாஸ் மாநிலத்தில் புறா வேட்டையில் ஒரு பரிசோதனை நடந்தது. முடிவு 2015 இல் வெளிவந்தது. தோட்டாவுக்குள் இருப்பது ஈயமா உருக்கா என்பது சுடுபவருக்கும் தெரியாது, அருகில் நின்று பதிவு செய்பவருக்கும் தெரியாது. வீழ்த்திய பறவைகளின் விகிதத்திலும் காயம்பட்டவற்றின் விகிதத்திலும் இரண்டு உலோகத்துக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. புறா வேறு, றீப்பே வேறு, பொருந்திய இலக்கத்தைத் தேர்ந்தால்தான் இது பொருந்தும் என்பதெல்லாம் உண்மை. ஆயினும் 'உருக்கு காயப்படுத்துகிறது' என்ற உறுதியில் எவ்வளவு கையனுபவம், எவ்வளவு பழக்கத்தின் பிடிவாதம் என்ற கேள்வியை அது எழுப்பிவிட்டது. டென்மார்க்கின் வாத்துகளும் ரெக்ஸாஸின் புறாக்களும் சேர்ந்து சொல்வது இதுதான்: காயத்தைத் தீர்மானிப்பதில் உலோகத்தை விடத் தூரம் பெரியது. தூரத்தைத் தீர்மானிப்பவர் சுடுபவர். கடையில் வாங்கிய பெட்டியிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைக்க முடியாது.

இவ்விடத்தில் எமக்குள்ளிருந்தே ஒரு குரல் எழும். 'கொல்வதே பிழை. எந்த உலோகத்தால் கொல்வது என்பதில் என்ன அறம்?' வள்ளுவர் புலால் மறுத்தலை 26 ஆம் அதிகாரத்திலும் கொல்லாமையை 33 ஆம் அதிகாரத்திலும் தனித்தனியே வைத்தார். அந்த இரண்டையும் கடைப்பிடிப்பவரின் கேள்விக்கு எம்மிடம் பதிலில்லை. அவர் முன் வேட்டைக்காரர் தலைகுனியத்தான் வேண்டும். ஆனால் எம்மில் பெரும்பாலோர் அவரல்ல. சுப்பர்மார்க்கெற்றில் உறைந்த கோழியை வாங்குகிறவர்கள் நாம். அந்தக் கோழி எவ்வாறு வாழ்ந்தது, எவ்வாறு செத்தது என்று கேட்காமலிருக்கும் வசதியையும் சேர்த்தே வாங்குகிறோம். வேட்டைக்காரருக்கு அந்த வசதி இல்லை, அல்லது இருக்கக்கூடாது. கொலையை ஏற்றுக்கொண்ட பின்னரும் செய்யத்தக்கது, தகாதது என்ற வேறுபாடு எஞ்சியிருக்கிறது. 'எல்லாமே பிழை, ஆகவே எதுவும் ஒன்றுதான்' என்ற தர்க்கம் எங்கே கொண்டுசெல்லும் என்பதை எமது கடந்தகாலத்தில் வேறு களங்களில் கண்டுவிட்டோம்.

ஆகவே மலைக்குப் போகவிருக்கும் எமது பிள்ளைக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். உருக்கை எடு. ஈயத்தில் சொல்லப்பட்ட இலக்கத்தை விட ஒன்றிரண்டு பருமன் கூட்டி எடு. துவக்கு பழையதானால் குழல் உருக்கைத் தாங்குமா என்று தொழில் தெரிந்தவரிடம் காட்டு. தாங்காவிட்டால் பிஸ்மத்தின் விலையைக் கொடு. போவதற்கு முன் அந்தத் தோட்டாவை அந்தத் துவக்கால் ஒரு கடதாசியில் சுட்டு, உனது சன்னமேகம் எத்தனை மீற்றரில் ஓட்டையாகிறது என்று எண்ணிப் பார். அந்த எண்ணிக்கைதான் உனது எல்லை. சட்டம் ஈயத்தை அனுமதிப்பது உனக்கு ஒரு நியாயமல்ல. அனுமதிக்கப்பட்டதற்கும் சரியானதற்கும் இடையிலுள்ள இடைவெளியை அகதிகளின் பிள்ளையான நீ அறிந்திருக்க வேண்டும்.

நல்ல தோட்டா என்று ஒன்று உண்டென்றால், அது தவறவிட்ட வெடியிலும் யாருக்கும் கடன் வைக்காத தோட்டா: நாளை அந்த மண்ணைக் கொத்தும் பறவைக்கு, அதைத் தின்னும் கழுகுக்கு, சட்டியில் வெந்த இறைச்சியைச் சாப்பிடும் பிள்ளைக்கு. எமது கண்முன் விழாதவற்றின் கணக்கும் எமது கணக்கே. அந்தக் கணக்கைக் குறைக்க உலோகத்தை மாற்றுவது பாதி வேலை. நாற்பது மீற்றரில் எழும் பறவையைப் பார்த்துக்கொண்டு, விசையிலிருந்து விரலை எடுத்துக்கொள்வது மற்றப் பாதி.