இதுக்குத்தானா தம்பி?

நம்ம பேச்சில் யாரும் யாரையும் வேலையிலிருந்து நீக்குவதில்லை. 'அவனுக்கு வேலை போச்சு' என்றுதான் சொல்வோம். கரண்டு போச்சு என்பதுபோல வேலையும் தானாக எழுந்து போய்விடுகிறது. போகச் சொன்னது யார், ஏன் சொன்னார் என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. இரண்டு வருடங்களுக்கு முன் ஒருவருக்கு வேலை 'போனது'. போகவைத்த கைகளில் என்னுடையதும் ஒன்று.

ஜொகூர் பாருவுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் நான் பொறியாளர். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்துவிட்டு உள்ளே போன முதல் வாரம், எனக்கு இயந்திரங்களைப் பற்றிய பாடம் தெரியும், இயந்திரம் தெரியாது. கற்றுக்கொடுத்தவர் ஒரு டெக்னீஷியன் அண்ணன். 16 வருட சர்வீஸ். சத்தத்தை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். "படிச்ச புள்ள, கையையும் கொஞ்சம் அழுக்காக்கு" என்று சிரிப்பார்.

ஆர்டர் குறைந்தது. ஒரு லைனை மூட முடிவானது. ஆட்குறைப்பு என்று அறிவித்தால், 1980ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, 5 வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் குறைந்தது 20 நாள் சம்பளம் தரவேண்டும். அண்ணனுக்கு 320 நாள் சம்பளம். ஒழுங்கீனத்துக்காக விசாரணை நடத்தி நீக்கினால் அது தேவையில்லை. அந்தக் கணக்கை எனக்கு யாரும் சொல்லவில்லை. "அவர் செஞ்ச தப்புங்கள ஒரு பட்டியல் போட்டுக் கொடு" என்று மட்டும் மேலதிகாரி சொன்னார்.

போட்டேன். இரண்டு முறை தாமதம். ஒரு முறை, இயந்திரத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே சோதனைத் தாளில் கையெழுத்து. மூன்றும் உண்மை. ஆனால் முன்கூட்டியே கையெழுத்துப் போடுவது எங்கள் பிரிவில் எல்லாரும் செய்வது. நானும் செய்வேன். அதை எழுதவில்லை.

விசாரணை முடிந்து வெளியே வந்தவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "நெசமாவே இதுக்குத்தானா தம்பி?"

நான் பொய் ஒன்றும் எழுதவில்லையே என்று பல நாள் என்னைத் தேற்றிக்கொண்டேன். பிறகுதான் புரிந்தது. ஒவ்வொரு வரியும் உண்மையாக இருந்தாலும் மொத்தமும் பொய்யாக இருக்க முடியும். அவர் தப்பு செய்தது உண்மை. அந்தத் தப்புக்காகத்தான் போனார் என்பது பொய்.

அதற்குப் பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1967ஆம் ஆண்டின் தொழிலியல் உறவுச் சட்டத்தில் 20ஆவது பிரிவு. நியாயமான காரணமில்லாமல் நீக்கப்பட்டதாக நினைக்கும் தொழிலாளி 60 நாளுக்குள் மனு கொடுக்கலாம். அவர் கேட்க வேண்டியது பணமல்ல. பழைய வேலையைத் திரும்பத் தரச்சொல்லி. சமரசம் எட்டாவிட்டால் வழக்கு தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போகும். முன்பு அதை அமைச்சர் தீர்மானித்தார். 2021 ஜனவரி 1 முதல் இலாகாவின் தலைமை இயக்குநரே அனுப்புகிறார். அந்த நீதிமன்றம் நுணுக்கங்களைப் பார்க்காமல், நேர்மையின்படியும் நல்ல மனசாட்சியின்படியும் நடக்க வேண்டும் என்று 30ஆவது பிரிவு சொல்கிறது. மனசாட்சி என்ற சொல்லை ஒரு சட்டப் புத்தகத்தில் நான் எதிர்பார்க்கவில்லை.

இன்னொன்று, 1981இல் கூட்டரசு நீதிமன்றம் கூன் குவீ போய் வழக்கில் சொன்னது. எழுதியவர் ராஜா அஸ்லான் ஷா, பின்னாளில் மாமன்னரானவர். முதலாளி ஒரு காரணம் சொல்லி நீக்கினால், அந்தக் காரணம் நிரூபணமாகிறதா என்று மட்டுமே நீதிமன்றம் பார்க்கும். ஆகவில்லை என்றால் நீக்கம் அநியாயம். அவர் சொல்லாத வேறொரு காரணத்தை அவருக்காக நீதிமன்றம் தேடிக் கொடுக்காது.

பாலத்தைத் தாண்டினால் கதை வேறு. சிங்கப்பூரில் நோட்டீஸ் கொடுத்து, காரணம் எதுவும் சொல்லாமல் நீக்கினால், அது தவறில்லை என்றே முதலில் எடுத்துக்கொள்ளப்படும். தவறு என்று காட்டுவது தொழிலாளியின் பொறுப்பு. தினமும் உட்லண்ட்ஸ் வழியாகப் போய்வந்த என் நண்பன் ஒருவனை அப்படித்தான் அனுப்பினார்கள். "ஒன்னுமே சொல்லல மச்சான். இங்கிலீஷ் சரியில்லையா, மூஞ்சி பிடிக்கலையா, ராத்திரியெல்லாம் நானே யோசிச்சுக்கிட்டு கிடக்கறேன்" என்றான்.

இரண்டில் எது கொடுமை? பொய்க் காரணமா, மௌனமா? முதலில் மௌனமே மேல் என்று நினைத்தேன். அது யாரையும் குற்றவாளி ஆக்குவதில்லையே. இப்போது அப்படித் தோன்றவில்லை. மௌனத்தோடு வாதாட முடியாது. சொல்லாத காரணத்தின் இடத்தில் ஒருவன் தன்னையே, தன் முழுசையும், கொண்டுபோய் வைத்துவிடுகிறான். பொய்க் காரணத்தையாவது எதிர்த்து நிற்கலாம், சாட்சி கேட்கலாம், குறுக்கு விசாரணை செய்யலாம்.

தொழிலாளி காரணம் சொல்லாமல் ராஜினாமா செய்யலாம் என்றால் முதலாளி மட்டும் ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயம்தான். ஆனால் நான் நாளைக்கு நின்றுவிட்டால் தொழிற்சாலை இரண்டு வாரம் தடுமாறும், அவ்வளவுதான். குளாய்ப் பக்கத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டி சொல்வார்: பெரட்டில் பெயர் கூப்பிடாவிட்டால் லயத்து வீடும் போச்சு, பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் போச்சு. 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசியலமைப்பின் 5ஆவது விதியில் உள்ள 'உயிர்' என்ற சொல்லுக்குள் வாழ்வாதாரமும் அடங்கும் என்றது. பாட்டிக்குத் தீர்ப்பு தேவைப்படவில்லை. பிழைப்பு என்ற ஒரே சொல்லில் அவர் இரண்டையும் சொல்லிக்கொண்டிருந்தார். பிழைப்பை எடுப்பவர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர்.

ஆனால் காரணம் கேட்கும் சட்டம், காரணம் தயாரிப்பவர்களையும் உருவாக்குகிறது. முதலாளி தனியாக அதைச் செய்ய முடியாது. அவருக்கு என்னைப் போல ஒருவன் வேண்டும். விவரம் தெரிந்தவன், தேதி போட்டு எழுதத் தெரிந்தவன், வீட்டுக்கடன் உள்ளவன்.

அண்ணன் மனு கொடுத்தார். சமரசப் பேச்சிலேயே சில மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு முடித்துக்கொண்டார். வழக்கு நீதிமன்றத்துக்குப் போகவில்லை. என்னை யாரும் கூண்டில் ஏற்றி, "நீங்களும் அப்படித்தான் கையெழுத்துப் போடுவீர்களா?" என்று கேட்கவில்லை. செய்தி வந்த அன்று எனக்கு வந்தது வருத்தமல்ல, நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்துத்தான் இன்றைக்கும் கூசுகிறது.

பட்டியல் போட மறுத்திருக்கலாம் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. மறுத்திருந்தால் வேறொருவர் போட்டிருப்பார். ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கலாம்: 'இந்தப் பிரிவில் இதை எல்லாரும் செய்கிறோம், நான் உட்பட.' அதுவும் உண்மைதான். அதையும் எழுதியிருந்தால், அவர் கேட்ட கேள்விக்குப் பதில் அந்தத் தாளிலேயே இருந்திருக்கும்.