ரிமோட் யார் கையில்?



நாம் வியாபாரிகள். காலை முதல் இரவு வரை கடையிலும் அஞ்சடியிலும் நின்று, சரக்குத் தூக்கி, வேர்வையில் நனைந்து வீடு திரும்புகிறோம். திரும்பியதும் முதற்காரியம் என்ன? சட்டையைக் கழற்றுமுன் ஏர்கானை 18-ல் வைப்பது. "குளிருது மச்சான்" என்று மனைவி சொன்னால், "போர்த்திக்கொண்டு படு, கரண்டுக் காசு நான்தானே கட்டுகிறேன்" என்பது. இவ்வார்த்தை எத்தனை வீடுகளில் சொல்லப்படுகிறது! என் வீட்டிலும் சொல்லப்பட்டது. சொன்னவன் நானே.

உஷ்ணத்தைக் கஷ்டமென்று கருதுவது குற்றமன்று. கடும் வெப்ப காலத்தில் லுஹர் தொழுகையை வெயில் சற்றுத் தணிந்தபின் தொழும்படி நாயகம் (ஸல்) அவர்களே இலேசாக்கித் தந்திருக்கிறார்கள். ஆகவே வேர்த்து வருபவன் குளிர்ச்சி தேடுவதில் தப்பில்லை. தப்பு வேறிடத்தில் இருக்கிறது.

எங்களுடையது சிறிய அடுக்குமாடி வீடு. ஏர்கான் ஒரே அறையில். வெக்கை மிகுந்த இரவுகளில் உம்மாவும் பிள்ளைகளும் அங்கேயே பாய் விரிப்பார்கள். ஒருநாள் சுபுஹுக்கு எழுந்து பார்த்தால் உம்மாவின் பாய் காலி. அடுப்படியில் இரண்டு போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முழங்கால் பிடித்துக்கொண்டு எழ முடியாமல், உட்கார்ந்தபடியே தக்பீர் கட்டினார்கள். தொழுது முடிந்ததும், "ஏன் உம்மா என்னை எழுப்பவில்லை?" என்றேன். "கடையில் நின்று வருகிற பிள்ளை, உனக்குப் புழுங்குமே வாப்பா" என்றார்கள். எத்தனை இரவாக இப்படி என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அன்று கடை திறந்தும் வியாபாரத்தில் மனம் செல்லவில்லை. மதரஸாவில் ஓதிய ஹதீஸ் ஒன்று நினைவில் வந்து நின்றது. முஆது (ரலி) அவர்கள் தம் கூட்டத்தாருக்கு இஷா தொழுவிக்கையில் நீண்ட சூறாவை ஓதினார்கள். பகலெல்லாம் ஒட்டகத்தோடு உழைத்துக் களைத்த ஒருவர் தாங்காமல் விலகித் தனியே தொழுதுவிட்டுப் போனார். செய்தி நாயகத்திடம் எட்டியது. அவர்கள் கடிந்துகொண்டது விலகிப் போனவரை அல்ல. இமாமாக நின்ற முஆதை. பின்னால் முதியவரும் பலவீனரும் அலுவலுள்ளவரும் நிற்கிறார்கள், தொழுகையை இலேசாக்க வேண்டும் என்று சொன்னார்கள். தொழுகைக்கே இப்படியென்றால் ஏர்கான் எம்மாத்திரம்!

"களைத்து வந்த அந்த மனிதன் நான்தானே" என்று என் நஃப்ஸு வாதாடிற்று. வாஸ்தவம். ஆனால் ரிமோட்டைப் பிடித்திருந்தவன் யார்? பிடித்தவனல்லவா இமாம்!

இதில் வேடிக்கை ஒன்று. ஆபீசுகளின் குளிருக்கு 1960-களில் வகுத்த கணக்கு, சுமார் 40 வயது, 70 கிலோ எடையுள்ள ஆண்பிள்ளையின் உடம்பை வைத்துப் போட்டதாம். பெண்களுக்கு அது பொருந்தவில்லை என்று 2015-ல் ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினார்கள். என் வயதுதான்! எடை மட்டும் எனக்குக் கொஞ்சம் கூட.

முதியவர்களுக்கு இரத்த ஓட்டம் குறைவு. நமக்கு இதமானது அவர்களுக்குக் குளிர். தேசியச் சுற்றுப்புற வாரியமும் 25 அல்லது அதற்கு மேல் வைக்கத்தான் சொல்கிறது. கூடவே காற்றாடி சுழன்றால் வேர்வை காய்ந்து உடம்பு குளிர்ந்துவிடும். 16-க்கு இறக்கினால் அறை சீக்கிரம் குளிரும் என்பது பெரும்பாலும் வீண் நினைப்பு. இயந்திரம் தன்னால் இயன்ற வேகத்தில்தான் ஓடும். பிறகு ஓயாமல் ஓடிப் பில்லை ஏற்றும். வீண்விரயத்தைப் பற்றித் திருமறை கூறுவதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது வீட்டுக்கு வந்தவுடன் குளித்துவிட்டு மேசைக் காற்றாடிமுன் உட்காருகிறேன். ரிமோட் உம்மாவிடம். நேற்று 26. நடு இரவில் எனக்கு வேர்ப்பதைப் பார்த்து உம்மா 24-க்கு இறக்கப் போனார்களாம். என் மனைவிதான் தடுத்தாளாம்.